பூரியின் இடுப்பில் ஒரு ரசமட்டம்

மரக்காணம் வட்டாரத்தில் கோணலாக இருக்கிற எந்தப் பொருளும் ரசமட்டத்தின் கண்ணில் படாமல் ஒரு நாள் தாண்டியதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். ஊரில் நடக்கிற சண்டை, வியாதி, மோட்டார் ரிப்பேர், மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவது, எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே காரணம்தான் இருந்தது.

"எங்கியோ மட்டம் தப்பியிருக்குது, யக்கா."

ரசமட்டம் என்பது அவன் பேர் இல்லை. கொத்தனார்கள் கையில் ஒரு முழ நீளத்துக்குச் சட்டம் வைத்திருப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு குமிழியும் இருக்குமே, அதுதான் ரசமட்டம். வைத்த இடம் சரியாக இருந்தால் குமிழி இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்கும். சரிந்திருந்தால் மேடான பக்கம் ஓடிவிடும். மஞ்சள் பெயிண்ட் அடித்த அந்தச் சட்டத்தை இடுப்பில் கத்தி மாதிரிச் செருகிக்கொண்டு திரிந்ததால் அந்தப் பேரே அவனுக்கு நிலைத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை கொடுப்பவர்கள்கூட உறையில் 'திரு. ரசமட்டம் அவர்கள்' என்றுதான் எழுதினார்கள்.

உப்பளத்தில் பாத்தி மட்டம் பார்ப்பது அவன் வேலை. பாத்தி ஒரு விரற்கடை சரிந்தாலும் தண்ணீர் ஓரமாகப் போய்த் தேங்கிவிடும். ஒரு பக்கம் உப்பு, மறுபக்கம் சேறு. அதனால் அங்கே அவனுக்கு நல்ல மரியாதை. தொல்லை என்னவென்றால், வேலை முடிந்து கரையேறின பிறகும் அவன் மட்டம் பார்ப்பதை நிறுத்துவதில்லை.

டீக்கடையில் பெஞ்சுக்காலுக்கு அட்டை மடித்து வைத்த பிறகுதான் உட்காருவான். பஸ் இடது பக்கம் சாய்ந்து ஓடினால், "ஏம்பா, ஒரு நாலு பேரு இந்தாண்ட வந்து உக்காருங்கப்பா" என்று ஆளை மாற்றி உட்கார வைப்பான். எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டப்போகும் சமயம், கூட்டத்திலிருந்து "நிறுத்துங்க!" என்று ஒரு சத்தம். பெண்ணைப் பெற்றவர் தோளிலிருந்த துண்டு கீழே விழுந்துவிட்டது. பழைய சமாச்சாரம் ஏதோ கிளம்பிவிட்டது என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், ரசமட்டம் மேடையேறி மணையில் சட்டத்தை வைக்கிறான்.

"பொண்ணு பக்கம் எறக்கமா இருக்குது. காலம் பூரா பொண்ணேதான் எறங்கிப் போவணுமா?" என்று பத்திரிகையை நாலாக மடித்து மணைக்கு அடியில் சொருகிவிட்டு, "ம், இப்பக் கட்டு" என்றான்.

அந்த ஜோடி இன்றைக்குவரை சண்டையே போட்டதில்லை என்று அவன் பெருமையாகச் சொல்வான். மூன்றாவது வீட்டில்தான் அவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும். நான் அவனிடம் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவன் எங்கள் வீட்டுக்குள் வந்தது எங்கள் பூரியால்.

பூரி என்பது எங்கள் நாய். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் என் வீட்டுக்காரர் மோட்டார் ரிப்பேர் பார்க்கப் போன இடத்தில், லேப்ரடார் ஒன்று குட்டி போட்டிருந்தது. அம்மா உயர்ந்த ஜாதி. அப்பா யாரென்று கேட்கக்கூடாத வகை. குட்டியைத் துண்டில் சுற்றி அவர் கொண்டுவந்த நேரம் நான் பூரி சுட்டுக்கொண்டிருந்தேன். டைகர் என்று பேர் வைக்கலாம் என்றார் அவர். அதற்குள் அது தட்டிலிருந்த முதல் பூரியை எடுத்துக்கொண்டு சாமி அறைக்குள் ஓடிவிட்டது. பேர் அப்படியே அமைந்துவிட்டது.

பத்து மாதத்தில் பூரி பேருக்கு ஏற்றபடி உப்பிவிட்டான். ஒரு நாள் காலையில் கூடத்தில் நான் பந்தை உருட்டிவிட்டேன். என் கூடத்துத் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிமென்ட் தரையைப் பெயர்த்துவிட்டு, முகம் பார்க்கிற மாதிரி வெள்ளை டைல்ஸ் போடச் சொல்லி ஒரு வருஷம் வீட்டுக்காரரை நச்சரித்துப் போட வைத்தவள் நான். பூரி ஓடினான், திரும்பினான், பின்னங்கால் இரண்டும் இரண்டு திசையில் போயின. ஒரு கத்துக் கத்தினான். அதற்குப் பிறகு இடது பின்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை.

எங்கள் ஊரில் பல்வலிக்கு உப்பு, சுளுக்குக்கு உப்பு, கண்ணேறுக்கும் உப்பு. நானும் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை ஒத்தடம் கொடுத்தேன். அவன் முனகினான். வலி இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் சூடாகக் கொடுத்தேன். மூன்றாம் நாள் முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. வீட்டுக்காரர் தன்னுடைய முதுகுவலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, சாமி புண்ணியம், முதலில் டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"புதுசா அடிபட்டு வீங்கின காலுக்கு யாராவது சூட்டு ஒத்தடம் குடுப்பாங்களாம்மா? ஐஸ் வைக்கணும். மனுஷங்க மாத்திரையக் குடுத்திருந்தீங்கன்னா வயிறு, கிட்னி எல்லாம் போயிருக்கும்."

முழங்கால் ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறதாம். பிறவியிலேயே இடுப்பு மூட்டும் கிண்ணத்தில் சரியாக உட்காரவில்லையாம். இரண்டு மாதம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, படி ஏறக்கூடாது. அவர் தருகிற மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டும். உடம்பு இளைக்க வேண்டும். கொஞ்ச நாள் போனதும் கயிற்றில் பிடித்து மெதுவாக அஞ்சு நிமிஷம் நடத்த வேண்டும். அதிலும் தேறவில்லை என்றால் மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்.

"நடப்பானா டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"உங்க கையிலதான் இருக்குது" என்றார். அந்தக் கையால்தான் பந்தை உருட்டினேன். வருகிற வழியெல்லாம் அழுதேன். பூரி நடந்துவிட்டால் பெருமுக்கல் மலை ஏறி வருகிறேன் என்று ஆட்டோவிலேயே வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் மோட்டார் விஷயமாக வீட்டுக்காரரைத் தேடி ரசமட்டம் வந்தான். மூன்று காலில் நின்ற பூரியைப் பார்த்தான். வந்த வேலை மறந்துவிட்டது.

"யக்கா, எங்க விழுந்தான்?"

இடத்தைக் காட்டினேன். சட்டத்தைத் தரையில் வைத்தான். குமிழி நட்டநடுவில் நின்றது. திருப்பி வைத்தான். அப்போதும் நடுவில். அவன் முகம் செத்துவிட்டது. "மட்டம் சரியாத்தானே இருக்குது? அப்புறம் எப்படி விழுந்தான்?" என்று எழுந்து இரண்டு எட்டு வைத்தான். ஈரக்கால். டைல்ஸில் வழுக்கி, தொம்மென்று பூரிக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தான். பூரி அவன் காதை நக்கினான்.

"புரிஞ்சிடுச்சி யக்கா" என்றான், இடுப்பைத் தேய்த்துக்கொண்டு. "இது தரை இல்ல. கண்ணாடி."

சாயங்காலமே பத்துப் பதினைந்து சணல் சாக்கைத் துவைத்துக் கொண்டுவந்து, கூடம் முழுக்க விரித்து ஓரங்களைத் தைத்துவிட்டான். ஒரு வருஷம் நச்சரித்துப் போட்ட என் டைல்ஸ் ஒரு மணி நேரத்தில் மறைந்தது. கொலுவுக்கு வந்தவர்கள், "என்னாங்க, குடோனா மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்கள். பூரி அந்தச் சாக்கின் மேல் முதல் தடவையாக வழுக்காமல் எழுந்து நின்றபோது எனக்கு அந்தக் கேள்வி உறைக்கவில்லை.

சாக்கு விரித்த அன்றே ரசமட்டம் இன்னொரு காரியமும் செய்தான். நின்றுகொண்டிருந்த பூரியின் இடுப்பில் சட்டத்தைக் குறுக்காக வைத்தான். நோகிற இடது பக்கம் தொய்ந்து, குமிழி வலது கோடிக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. அவன் தினசரி காலண்டரைக் கிழித்து, ராகு காலம் போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வரைந்து, கோடியில் ஒரு புள்ளி வைத்தான்.

"தெனமும் வந்து பாக்கறேன். இந்தப் புள்ளி நடுவுக்கு வந்துடிச்சின்னா பூரி பொழச்சான்."

டாக்டரம்மாவிடம் இதைப் போய்ச் சொன்னபோது முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அந்தக் காலண்டர் தாள்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "எந்தக் காலுக்குப் பாரம் குடுக்குதுன்னு பாக்கறாரு. நல்லதுதான், செய்யச் சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு ரசமட்டம் டீக்கடையில் தன்னை 'நாங்க டாக்டருங்க' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

உடம்பு இளைப்பதில்தான் சிக்கல். சாப்பாட்டைக் குறைத்தும், உப்பு மூட்டை நிறுக்கிற தராசில் பூரியை ஏற்றினால் முள் இறங்கவே இல்லை. ரசமட்டம் போலீஸ் மாதிரி விசாரணை நடத்தினான். முதலில் மாட்டியவர் என் வீட்டுக்காரர். டீக்கடையில் பொறை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"மாமா, பாக்கெட்ட ஒதறுங்க" என்றான். தூளாகக் கொட்டியது.

பொறை நின்றும் முள் அசையவில்லை. "யக்கா, நீ?" என்றான்.

"நான் எதுவும் குடுக்கலப்பா. வெள்ளிக்கிழம மட்டும் சாமிக்குப் படைச்ச சக்கரப் பொங்கல் ஒரு உருண்ட. அது பிரசாதம், கணக்குல வராது."

பிரசாதத்தை எப்படிக் குறை சொல்வது? டாக்டரம்மாவிடமே கேட்டான். அவர் எனக்கு ஃபோனில் சொன்னார்: "அம்மா, சாமிக்குப் படைச்சா அவரு சாப்பிட்டுக்குவாரு. அவருக்கு மூட்டுவலி கெடையாது. இவனுக்குக் கேரட் குடுங்க." அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் பொங்கலுக்குப் பக்கத்தில் கேரட்டும் படைக்கப்படுகிறது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. உப்பளம் முழுக்க வெள்ளக்காடு. யாருக்கும் வேலை இல்லை. மெதுவாக நடத்தலாம் என்று டாக்டரம்மா சொன்ன சமயமும் அதுதான். வயிறளவு தண்ணீரில் நடந்தால் மூட்டுக்குப் பாரம் தெரியாது, ஆனால் உப்புத் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது, குடித்துவிட்டால் ஆபத்து என்றும் சொல்லியிருந்தார். ரசமட்டம் மேட்டுப் பாத்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உப்புத் தண்ணீரின் டிகிரி பார்க்கிற குழாயை மிதக்கவிட்டான். அது பூஜ்ஜியத்தில் நின்றது. போதாதென்று கையில் அள்ளிக் குடித்துக் காட்டினான். "சுத்தமான மழத்தண்ணி யக்கா. நீ வேணா கொஞ்சம் குடி." நான் தூரத்தில் நின்றே நம்பிக்கொண்டேன்.

பிறகு நடக்க ஆரம்பித்தார்கள். அது நடையில்லை, மிதி. எங்கள் பக்கம் உப்பு விளைவிக்கும் முன்பு பாத்தியை ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதித்து இறுக்குவார்கள். அவசரமே கூடாது. ஒரு காலை வைத்து, உடம்பு பாரம் முழுவதையும் அதில் இறக்கி, பிறகுதான் அடுத்த காலை எடுக்க வேண்டும். ரசமட்டம் அந்த மிதியை மிதித்துக்கொண்டு முன்னே போக, கயிற்றின் மறுமுனையில் பூரியும் வேறு வழியில்லாமல் அப்படியே மிதித்துக்கொண்டு போனான். அவசரப்பட்டால் இடது காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிவிடுவான். மெதுவாகப் போனால் நாலாவது காலையும் வைத்தே ஆக வேண்டும். அந்த ரகசியத்தை ரசமட்டம் கண்டுபிடித்திருந்தான்.

"வைடா. எடு. வைடா. எடு. அவசரப்படாத, நம்மள எந்த ஆபீஸ்ல தேடறாங்க?"

ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். "இன்னா ரசமட்டம், நாயை வேலைக்குச் சேத்துக்கினியா?" என்று ஒருத்தர் கத்தினார்.

"ஆமா, உன் எடத்துலதான்!" என்றான் இவன், மிதியை நிறுத்தாமல்.

நடந்து முடிந்ததும் வீட்டில் போர் தண்ணீரில் கழுவி, துண்டால் துடைத்து, சாக்கில் படுக்க வைப்பான். காலண்டர் தாளில் புள்ளி கோடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. அந்தத் தாள்களை நான் சாமி படத்துக்குப் பின்னால் அடுக்கி வைத்தேன்.

ஆறாவது வாரம் ஒரு கொக்கு வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. பூரிக்கு நாலடி தூரத்தில் வந்து இறங்கியது. பூரி பாய்ந்தான். ரசமட்டம் கயிற்றை விடவில்லை. அதனால் அவனும் கூடவே போனான், குப்புற, தண்ணீரில், பாத்தியின் அந்தக் கோடிவரை. இரண்டு பேரும் சேறாக வீடு வந்தார்கள். நான் சிரிக்க வாயெடுத்தேன். பூரி இடது காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். ரசமட்டம் சட்டத்தை வைத்தான். குமிழி பழையபடி வலது கோடியில் போய் ஒட்டியது.

ரசமட்டம் அன்றைக்குத் தாளில் புள்ளி வைக்கவில்லை. போய்விட்டான்.

மூன்று நாள் ஆள் வரவில்லை. பூரி ஐஸ் ஒத்தடத்தோடு வாசலைப் பார்த்துப் படுத்திருந்தான். நாலாம் நாள் நானே விசாரித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அவன் வீட்டை நான் பார்த்ததில்லை. உப்பளத்து ஓரம், ஒற்றை அறை. தனியாள். நான் கொண்டுபோன எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தேன். அது உருண்டு உருண்டு சுவர்வரை போய் நின்றது. கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. அலமாரி பக்கவாட்டில் சாய்ந்திருந்தது.

"ஏம்பா, ஊருக்கெல்லாம் மட்டம் பாக்கற. உன் வீடு இப்படி இருக்குதே?"

"இங்க யாரு யக்கா வர்றாங்க?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கயித்தப் பிடிச்சவன் நான். கொக்கு வர்றதப் பாத்திருக்கணும். நான் தொட்டா வெளங்காது யக்கா."

"பந்த உருட்டுனவ நான். சூட்டு ஒத்தடம் வச்சவ நான். பொங்கல் குடுத்தவ நான். நானே மூஞ்சியக் கழுவிக்கினு வந்து நிக்கறேன். உனக்கு என்னா வந்துது? அவன் மூணு நாளா சரியாச் சாப்பிடல, தெரியுமா?"

"கொறச்சலாத்தானே சாப்பிடணும்னாங்க?"

"அதுக்குன்னு பட்டினியா கெடப்பான்? எழுந்திருப்பா."

தலையணைக்கு அடியிலிருந்து சட்டத்தை எடுத்து இடுப்பில் செருகினான். என் வாசல் கேட் சத்தம் கேட்டதும், பூரி மூன்று காலில் எழுந்து நின்று முழு உடம்பையும் ஆட்டின ஆட்டத்தில் தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்தது.

மறுபடி முதலிலிருந்து. அஞ்சு நிமிஷம், ஏழு நிமிஷம், பத்து நிமிஷம். இந்தத் தடவை ரசமட்டம் ஒரு கையில் கயிறும் மறு கையில் கொக்கு விரட்டக் கம்புமாக நடந்தான். இரும்பை ஊர்ச் சிவன் கோயிலில் பிரதோஷத்துக்கு நின்று பைரவரை நினைத்து, "உங்க வாகனத்தோட ஆளு, நீங்கதான் பாத்துக்கணும்" என்று நான் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்கழியில் டாக்டரம்மாவிடம் மறுபடி போனோம். ஆபரேஷனா இல்லையா என்று சொல்லப்போகிற நாள். நான் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். அவர் முழங்காலை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தார். நடக்கவிட்டுப் பார்த்தார். பூரி நாலு காலையும் வைத்து, அதே உப்பளத்து மிதி நடையில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆஸ்பத்திரி வாசலைச் சுற்றி வந்தான்.

"ஆபரேஷன் இப்ப வேணாம்மா. கால் நல்லா இறுகியிருக்குது. ஆனா இடுப்பு மூட்டு ஆயுசுக்கும் பாத்துக்கற விஷயம். குண்டாக விடாதீங்க, வழுக்க விடாதீங்க, பனி நாள்ல கொஞ்சம் மெல்லத்தான் எழுந்திருப்பான்."

நான் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ரசமட்டம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பூரியின் இடுப்பில் சட்டத்தை வைத்தான். அவன் கை பட்டதும் பூரி வாலை ஆட்டினான். வால் ஆடினால் எங்கள் பூரிக்கு இடுப்பே ஆடும். குமிழி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பஸ் மாதிரி ஓடியது.

"நில்லுடா. டேய், நில்லுன்னு சொல்றேன்ல! பாருங்க டாக்டரம்மா, நடுவுல நிக்கல. இன்னும் இருக்குது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

பெருமுக்கல் மலைக்குப் போய் வேண்டுதலை முடித்தேன். பூரியை வீட்டுக்காரர் காவலில் விட்டுவிட்டு ரசமட்டமும் கூட வந்தான். முழங்கால் வலியோடு நான் ஏற, பின்னாலேயே "யக்கா, எடது பக்கம் சாயிற" என்று சொல்லிக்கொண்டே வந்தான். மேலே போய்க் கற்பூரம் காட்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கண்ணோரம் ஈரமாக இருந்தது. விபூதியை நீட்டினேன்.

தை பிறந்து தண்ணீர் வடிந்து, உப்பளத்தில் மிதி வேலை தொடங்கியது. காலையெல்லாம் அவனுக்குப் பாத்தி, சாயங்காலம் பூரி. ஒரு வெள்ளிக்கிழமை தன் சட்டத்தை எங்கள் வீட்டு ஜன்னலில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். பூஜை முடித்து வந்தேன். வெயிலில் பூரி அமைதியாக நின்றுகொண்டிருந்தான். எனக்கு என்ன தோன்றியதோ, சட்டத்தை எடுத்து அவன் இடுப்பில் வைத்தேன். குமிழி மெல்ல நகர்ந்து, இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் வந்து நின்றது. காற்றில்லாத சன்னதியில் விளக்குச் சுடர் நிற்குமே, அப்படி. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பூரியின் காது நிமிர்ந்தது. வால் ஆடியது. குமிழி ஓடிவிட்டது.

"சட்டத்த வச்சிட்டுப் போயிட்டேன் யக்கா. நீயே வச்சிப் பாத்தியா? எப்படி இருக்குது?"

சாமி அறை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை வேறு. நான் பூரியைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் ஆடுதுப்பா" என்றேன்.

"நான்தான் சொன்னேன்ல? டாக்டரம்மாவுக்கு என்னா தெரியும். நாளைக்கும் வர்றேன்" என்று சந்தோஷமாகச் சட்டத்தை இடுப்பில் செருகினான்.

அவன் போனதும் விளக்குக்கு முன் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு காலண்டரில் மறுநாள் தாளை எடுத்து, அவன் வந்து புள்ளி வைக்க வசதியாக, பென்சிலோடு ஜன்னலில் வைத்தேன்.